காலா, தரையா?

கெப்பாலா பத்தாஸ்,
5.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயா எழுதுவது.

இங்கே நானும் என் மகள் ரூபினியும் சுகம். உங்கள் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது? காலையில் ரொட்டி சானாயை இன்னும் விடவில்லை என்று கேள்வி. யார் சொன்னது என்று விசாரணை நடத்த வேண்டாம், மேஜர் சிவநேசன் அவர்களே. ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

தபால்தலை ஒட்டிய கடிதத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நான் வேறு என்ன செய்வேன்? போன் போட்டால் சரியாகக் கேட்காத உங்கள் இடது காதுக்காக நான் கத்த வேண்டும். பதிலுக்கு நீங்களும் அணிவகுப்புத் திடலில் நிற்பதுபோல் கத்துவீர்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் படுத்திருப்பதோ முன் ஹாலில். வாட்சாப்பில் எழுதலாம் என்றால் என் போனை என்னைவிட ரூபினிதான் அதிகம் பார்க்கிறாள். அதனால்தான் பேனா பிடித்தேன்.

டிசம்பரில் உங்கள் மச்சானுக்கு ஸ்ட்ரோக் வந்தது உங்களுக்குத் தெரியும். வலது பக்கம் அப்படியே இருக்கிறது. பேச்சு நாலைந்து வார்த்தைதான், அதுவும் இழுத்து இழுத்து. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தெளிவாக வருகிறது. தினமும் மத்தியானம் சாப்பாடு ஊட்டி வாயைத் துடைத்துவிட்டதும், என் முகத்தைப் பார்த்து, "காலா... தரையா?" என்கிறார்.

முதல் நாள் ரூபினி பதறிப்போய், "கால் வலிக்குதாப்பா?" என்று தைலம் எடுத்து வந்து இரண்டு காலையும் தேய்த்துவிட்டாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவளுக்கு எங்கே தெரியும்? அப்போது அவள் பிறக்கவே இல்லை.

எனக்குத் தெரிந்தது, அண்ணே. உங்களுக்கும் இதைப் படிக்கும்போதே தெரிந்திருக்கும். 1991. முகாம் மண்டபம். பேங்காக் ராணுவப் போட்டிக்கு வாள்வீச்சில் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கடைசியில் நீங்களும் அவரும். நாலுக்கு நாலு. நீங்கள் குனிந்து அவர் பாதத்தைக் குறிவைத்துக் குத்தினீர்கள். நுனி பட்டதற்கு அடையாளமாக உங்கள் பக்கத்து விளக்கு எரிந்தது. தன் காலில் படவில்லை என்று அவர் உடனே "தரை, சார்" என்றார். நடுவராக இருந்த கர்னல் உங்களைப் பார்த்தார். நீங்கள் முகமூடியைக் கழற்றி சல்யூட் வைத்தீர்கள். புள்ளி உங்களுக்கு.

நீங்கள் பேங்காக் போய்ப் பதக்கத்தோடு வந்தீர்கள். அவர் அன்றோடு உங்கள் பேச்சை விட்டார். இந்த வீட்டுப் படியை நீங்கள் மிதிக்கக் கூடாது என்றார். முப்பத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். கால் என்றால் கால், தரை என்றால் தரை. அதை அவர் காதில் வாசித்துவிடுகிறேன். இன்னொரு ஸ்ட்ரோக் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கேள்வியோடு அவர் போகக் கூடாது.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயலெட்சுமி


டத்தோ கிராமாட்,
14.2.2024

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

உன் கடிதம் ஐந்து நாளில் கிடைத்தது. பாலத்தைக் கடந்தால் முக்கால் மணி நேரம். தபால்காரர் நீந்தி வருகிறார் போலிருக்கிறது. என் சர்க்கரை ஏழு, எட்டு. ரொட்டி சானாய் வாரத்துக்கு இரண்டுதான்.

மச்சான் நிலை கேட்டு மனம் சரியில்லை. வலது கைக்கு ரப்பர் பந்து கொடுத்து அழுத்தச் சொல். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. குதிரையிலிருந்து விழுந்து என் தோள் இறங்கியபோது ராணுவ ஆஸ்பத்திரியில் எனக்கு அப்படித்தான் செய்தார்கள். படுக்கையில் ஒரே பக்கமாகக் கிடக்கவிடாதே, முதுகு புண்ணாகும்.

இங்கே ஒரு செய்தி. மாநில வாள்வீச்சுச் சங்கத்தின் செயலாளர் ஷஃபீக்கை உனக்குத் தெரியாது. என் வீட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். மே மாதம் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். "மேஜர், வாள்வீச்சு, குதிரை, ரெண்டுலயும் நாட்டுக்கு ஆடுன தமிழன் வேற யாரு இருக்கா? சும்மா இருங்கலா" என்கிறான். பழைய படங்கள் கேட்டான். தேடியபோது என் குதிரை கிலாட்டின் படம் கிடைத்தது. உனக்கு அவனை நினைவிருக்கும், நெற்றியில் வெள்ளைக் கோடு. ரூபினி குழந்தையாக இருந்தபோது அவள் கையிலிருந்த வெல்லத்தைத் தின்றானே, அவன்தான்.

வாளை விட்டபின் பத்து வருஷம் அந்தக் குதிரையோடு நடைப் போட்டிகளில் இருந்தேன். "குதிரையை டான்ஸ் ஆட வைக்கிற வேலை" என்று நீ கேலி செய்வாய். ஓட்டுகிறவன் வாய் திறக்கக் கூடாது. நாக்கைச் சொடுக்கினால்கூட மதிப்பெண் போகும். தொடையாலும் இடுப்பாலும்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

மச்சானைக் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

அண்ணன்,
சிவநேசன்


கெப்பாலா பத்தாஸ்,
22.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

அடேயப்பா, என்ன கடிதம்! ரப்பர் பந்து இருக்கிறது, குதிரை இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, தபால்காரர் நீந்துவதுகூட இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நான் கேட்டது மட்டும் இல்லை. உறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று கிழித்தும் பார்த்துவிட்டேன்.

காலா, தரையா?

நேற்று அவருக்கு ஊட்டும்போது கஞ்சியைச் சட்டையில் கொட்டிவிட்டேன். கேட்கப்போகிறாரே என்ற பயம். கேட்டார். "அண்ணனுக்கு எழுதியிருக்கேன், பதில் வரும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் என்ன குழந்தைக்கா சாக்குச் சொல்கிறேன்? எனக்கே வெட்கமாக இருந்தது.

பந்து வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் அதைத் தூர எறிந்துவிட்டார். உங்கள் யோசனை என்று நான் சொல்லவில்லை, எப்படியோ தெரிந்திருக்கிறது!

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயா


டத்தோ கிராமாட்,
11.3.2024

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு வருந்துகிறேன். இரண்டு வாரமாக இருமல், இப்போது தேவலை. நீ நலமா?

விளக்கு எரிந்தது. நடுவர் தீர்ப்புச் சொன்னார். விதிப்படி அது புள்ளி. அந்த ஆட்டத்தின் தாளில் கர்னல் கையெழுத்து இருக்கிறது. அதற்குமேல் நான் எழுத என்ன இருக்கிறது?

உடல்நிலை சரியில்லாதவர் பழையதை நினைத்துப் பேசுவது இயல்பு. வானொலியில் பாட்டுப் போட்டு விடு. கவனம் திரும்பும்.

சிவநேசன்


கெப்பாலா பத்தாஸ்,
18.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமலுக்கு இஞ்சியும் தேனும் சாப்பிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சொன்னால் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

விளக்கு எரிந்தது எனக்கும் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன். பெஞ்செல்லாம் அதிகாரிகளுக்கு என்று சொன்னதால் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருபக்கம் அண்ணன், ஒருபக்கம் புருஷன். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் லெப்டினன்ட்டாக இருந்தபோது நம் குவார்ட்டர்ஸ் பின்புறம் பயிற்சி செய்வீர்கள். மின்சாரப் பெட்டி கிடையாது, விளக்கு கிடையாது. குத்து வாங்கியவர் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் வாள்காரனின் மரியாதை என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்ப்பேன். உங்கள் மச்சான் கையைத் தூக்க ஒரு நொடி தாமதித்ததில்லை. சில சமயம் நீங்களே "படலைடா" என்பீர்கள், அவர் "பட்டுச்சு மச்சான்" என்று சொல்லிக் கையைத் தூக்கி நிற்பார். அதைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரை முகாம் முழுக்க என்ன சொன்னார்கள்? தோற்றதைத் தாங்காதவன். மச்சான்மேல் பொறாமை. மெஸ்ஸில் அவர் உள்ளே வந்தால் யாராவது "தரை, சார்!" என்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டே வருஷத்தில் பட்டாளத்தை விட்டார். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தேழு வருஷம் செக்யூரிட்டி. லாரி நம்பர் எழுதினார், அண்ணே. வாள் பிடித்த கை.

நான் என்ன செய்தேன்? அன்று வீட்டுக்கு வந்ததும், "நீ பார்த்தியா, ஜெயா?" என்று கேட்டார். "எங்க அண்ணன் பொய் சொல்லாது" என்றேன். அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும், சம்பளமோ சாப்பாடோ, கடைசியில் "நீங்க பொறாமை புடிச்சவரு" என்பதில்தான் முடிப்பேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அம்மா அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் நீங்கள். என் தாலிக்குத் தங்கம் உங்கள் சம்பளம். உங்கள் வாயால் வராமல் நான் எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் கெஞ்சுகிறேன். விதியையும் கர்னல் கையெழுத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாளைப் பிடித்திருந்தது உங்கள் கை. அதற்குத் தெரியும்.

ஜெயா


கெப்பாலா பத்தாஸ்,
20.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? வருஷப்பிறப்புக்கு ஒரு வரியாவது வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். தண்ணீர் பில் வந்திருந்தது.

ரூபினி போனில் உங்கள் பாராட்டு விழா அழைப்பிதழைக் காட்டினாள். நடுவில் வெள்ளை உடையில் நீங்கள், கையில் வாள். அந்த 1991 மண்டபத்துப் படம்தான். ஓரத்தில் வெட்டிவிட்டிருக்கிறார்கள், ஆனாலும் அவர் முழங்கை தெரிகிறது. "மாமா ஹேண்ட்சம்லா!" என்று அவள் சிரித்தாள். நான் போனைப் பிடுங்கி வைத்தேன். அவர் பார்த்துவிட்டால் என்ன செய்வேன்?

கேள்வி இன்னும் நிற்கவில்லை.

ஜெயா


டத்தோ கிராமாட்,
2.5.2024

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல் என்று எழுதியது பொய். உனக்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்தேன், அதுதான் நடந்தது.

எல்லாரும் என்னிடம் கேட்பார்கள்: பதக்கம் வாங்கிய கையோடு ஏன் வாளை விட்டீர்கள்? "உச்சத்தில் இருக்கும்போதே விட வேண்டும்" என்பேன். பத்திரிகையில்கூட அதைப் போட்டார்கள். உண்மை என்னவென்றால், பேங்காக்கிலிருந்து வந்தபின் முகமூடி போட்டுக்கொண்டு யார் எதிரே நின்றாலும் அந்த வலைக்குப் பின்னால் மச்சானின் கண் தெரிந்தது. வாள்வீச்சில் எதிரே ஒருவன் நிற்பான். குதிரை நடையில் எதிரே யாரும் கிடையாது. அதற்காகத்தான் போனேன்.

ஆனால் அங்கேயும் ஒன்று இருந்தது. உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. திடலைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நட்டிருப்பார்கள். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டும். தப்பாகத் திரும்பிவிட்டால் நடுவர் மணி அடிப்பார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுகிறவன் குதிரையை நிறுத்தி, எந்த இடத்தில் தப்பினானோ அந்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்படிப் போனால் தண்டனை இரண்டே மதிப்பெண். நான் ஒருமுறை மணி காதில் விழாததுபோல் ஓட்டிக்கொண்டே போனேன். இடது காதைச் சாக்காகச் சொல்லலாம் என்று நினைத்தேன். கிலாட் தானாக நின்றுவிட்டான். எவ்வளவு உதைத்தும் நகரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னும் எழுத வேண்டும். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. என்னைத் திட்டாதே.

அண்ணன்


டத்தோ கிராமாட்,
27.5.2024

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

சுகம் விசாரிப்பதை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை விழா நடந்தது. மாலை, பொன்னாடை, பேச்சு. ஷஃபீக் மேடைக்கு எதிரே ஆட்டத்துக்கான உலோகப் பாதை விரித்து, விளக்குப் பெட்டியும் வைத்திருந்தான். பேச்செல்லாம் முடிந்ததும் ஒலிபெருக்கியில், "மேஜர் இப்ப அந்த 1991 கடைசிப் புள்ளிய நமக்குச் செஞ்சு காட்டுவாரு!" என்றான். எனக்குச் சொல்லவே இல்லை. கையில் வாளைத் திணித்து, முதுகில் வயரை மாட்டிவிட்டார்கள். அவனே எதிரே வந்து நின்றான்.

அறுபது வயதில் எவ்வளவு குனிய முடியும்? குனிந்தேன். அவன் பாதத்தைப் பார்த்துக் கையை நீட்டினேன். அன்று போலவே, ஜெயா, அச்சாக அன்று போலவே, பெருவிரலுக்கு இரண்டு விரல் இந்தப் பக்கம் நுனி தரையில் இறங்கியது. விளக்கு எரியவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். ஷஃபீக் முகமூடியைத் தூக்கிவிட்டு, "மேஜர், பலகைத் தரைன்னா எரிஞ்சிருக்கும்! இப்பல்லாம் கீழ உலோகம் போட்டுர்றோம், தரையில குத்தினா எரியாதுலா!" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்து இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். மேடையில் வைத்திருந்த பதக்கப் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

தரை.

தரைதான், ஜெயா. பாதத்தில் பட்டால் சப்பாத்து கொஞ்சம் அமுங்கும், கைக்குத் தெரியும். அன்று நுனி பலகை இடுக்கில் இறங்கி விறைத்து நின்றது. விளக்கு எரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கர்னல் என்னைப் பார்த்தார். "தரை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மறுபடி ஆடியிருப்போம், ஒருவேளை நானேகூட ஜெயித்திருப்பேன். மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கை தூக்குவேன் என்று. அவர் எத்தனை முறை எனக்குத் தூக்கியிருக்கிறார்! நான் முகமூடியைக் கழற்றினேன். பேங்காக் போகிறவனுக்குக் கேப்டன் பதவி உறுதி என்று பேச்சு இருந்தது. அதற்குத்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அதன்பின் மெஸ்ஸில் அவரைக் கேலி செய்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒருநாள் சிரித்தும் இருக்கிறேன்.

இதை அவரிடம் வாசித்துக் காட்டு. முழுவதும் வாசி, எனக்காக எதையும் விடாதே. நான் வந்து சொல்ல வேண்டும், ஆனால் அவர் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அந்தச் சொல்லையாவது காப்பாற்றுகிறேன்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒன்றும் அறியாத உன்னை உன் புருஷனுக்கு எதிராக நிற்கவைத்தேன். நீ பார்க்காத ஒன்றை என்னை நம்பிச் சொன்னாய். உன் நம்பிக்கையில்தான் நான் இத்தனை வருஷம் மேஜராக நடமாடினேன். மன்னிக்க முடிந்தால் மன்னி.

சிவநேசன்


டத்தோ கிராமாட்,
24.6.2024

அன்புத் தங்கைக்கு,

நலமா? மச்சான் எப்படி இருக்கிறார்? என் கடிதம் வந்து சேர்ந்ததா? நாலு வாரம் ஆகிறது. வாசித்தாயா?

திட்டியாவது எழுது, ஜெயா. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அண்ணன்


கெப்பாலா பத்தாஸ்,
15.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? ஷஃபீக்கிடம் ரூபினி போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தனியாக இருக்கிறீர்கள், ஏதாவது ஒன்று என்றால் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கடிதம் ஜூன் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. படித்துவிட்டு மைலோ டின்னுக்குள் போட்டு மூடிவைத்தேன். நாற்பத்தொரு நாள் அதற்குள்ளேயே இருந்தது. உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை, அண்ணே. பயம். நடுவில் ஜூன் பதினேழாம் தேதி அவருக்கு இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அங்கே உட்கார்ந்துகூட, கடிதத்தை வாசிக்காமலேயே இவர் போய்விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவி நான். போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன்.

உயிரோடு வீட்டுக்கு வந்தார். மறுநாளே, பாதி வாயால், "காலா... தரையா?"

வெள்ளிக்கிழமை, மூன்று நாளைக்கு முன்னால், ரூபினி வேலைக்குப் போனபின் டின்னைத் திறந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு முழுவதும் வாசித்தேன். நீங்கள் சொன்னபடி ஒரு சொல் விடவில்லை. மெஸ்ஸில் சிரித்ததையும் வாசித்தேன். "தரை" என்ற இடம் வந்தபோது நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன், இல்லை சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "தெரி...யும்" என்றார். வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்துத் தாளை மடித்தேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பார்த்து, "காலா... தரையா?" என்றார்.

ஐயோ அண்ணே! இப்போதுதானே வாசித்தேன், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களே, இன்னும் எதற்குக் கேட்கிறார் என்று மடித்த தாளை மறுபடி பிரித்தேன். அப்புறம்தான் புரிந்தது. உங்களைப் பற்றி அவருக்கு என்றைக்கும் சந்தேகமே இருந்ததில்லை. முப்பத்துமூன்று வருஷமாக அவர் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எழுதினீர்களே, "நீ பார்க்காத ஒன்றை" என்று. நான் பார்த்தேன், அண்ணே. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வாள் நுனி பலகையில் குத்தி வளைந்தது என் கண்ணுக்கு நேரே. அவர் கால் பக்கத்தில்தான் இருந்தது, படவில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் "நீ பார்த்தியா, ஜெயா?" என்று கேட்டபோது உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அன்று ஒரு பொய். அதைக் காப்பாற்ற இத்தனை வருஷமும் "பொறாமை புடிச்சவரு". பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியதும் அதற்குத்தான். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் நான் ஒன்றும் தெரியாதவள்போல உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து கட்டில் எதிரே, அவர் கண்ணுக்கு நேராகப் போய் நின்றேன். கையைத் தூக்கினேன். நம் குவார்ட்டர்ஸ் பின்னால் அவர் தூக்குவாரே, அதே மாதிரி.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் வலித்தது, இறக்கவில்லை. அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. ரூபினி ஊட்டினால் சாப்பிட்டார். "அம்மா, என்ன செஞ்சீங்க அப்பாவ?" என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். அவளும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

"அண்ணன் வரட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். படி ஏறுவது உங்கள் பாடு. உள்ளே வந்து எதையும் விளக்க வேண்டாம், மேடைப் பேச்சு வேண்டாம். அவர் எதிரே நின்று கையைத் தூக்குங்கள், அது போதும். அவர் திரும்பிப் பார்க்காவிட்டால் இறக்காமல் நில்லுங்கள்.

இன்று காலை கஞ்சி கொண்டுபோனேன். ரூபினி வேலைக்குப் போய்விட்டாள், வேறு ஆள் இல்லை. ஸ்பூனை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், வாயைத் திறந்தார். மத்தியானமும் என் கையால்தான் சாப்பிட்டார். வாயைத் துடைத்துவிட்டு, வழக்கமாக அவர் கேட்கும் நேரம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கேட்கவில்லை.

ஜெயா